துறைமுகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா?

நீங்கள் முதுகலை வரலாறு படிக்கிறீர்கள். அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கி விற்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகள் எந்தெந்த இனத்தவர் என்பதுதான் உங்கள் ஆய்வேட்டின் பொருள். அட்லாண்டிக் அடிமைக் கப்பல்களின் தரவுத்தளம் இணையத்தில் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு கப்பலும் எந்தக் கரையில் ஆள் ஏற்றியது என்று அதில் இருக்கிறது. அந்தக் கரையில் இன்று எந்த இனம் வாழ்கிறது என்று வரைபடத்தில் பார்த்து இனவாரியாக ஓர் அட்டவணை போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழிகாட்டி “கேள்வியே சரியில்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் என்ற வருத்தமும் எழுத்தில் தெரிகிறது. உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஒருவர் கப்பலேறிய துறைமுகம் தெரிந்தால் அவர் யார் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வழிகாட்டி சொன்னது சரிதான். ஆனால் ஏன் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். அதை நான் செய்து பார்க்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அடிமை வணிக ஆவணங்களுக்கு வருவதற்கு முன்னால், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன நம் ஆட்களின் கப்பல் பட்டியல்களில்தான் பல வருடம் கிடந்தேன். 1860இலிருந்து 1911 வரை அங்கே போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அந்தப் பட்டியலில் ஒரு வரியைப் படித்தால் ஆள் எதிரே வந்து நிற்பார்: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், இடது புருவத்தில் தழும்பு. டர்பனில் இருக்கும் கொள்ளுப்பேரன் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஆம்பூர் பக்கத்துக் கிராமம் வரை வந்துவிடலாம். ஏனென்றால் அது ஒப்பந்தம். ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டிவரலாம், செத்துப்போனால் வீட்டுக்குச் சொல்ல வேண்டிவரலாம், அதனால் ஊர் பெயர் தேவைப்பட்டது. அடிமையாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கருக்குத் திரும்பிப் போகும் வழியே வைக்கவில்லை. அவருடைய ஊர் பெயரால் வாங்குகிறவனுக்கும் லாபமில்லை, விற்கிறவனுக்கும் லாபமில்லை. எழுதாமல் விட்டார்கள்.

இன்னொன்றையும் அந்தப் பட்டியல்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. நேட்டாலில் சென்னையில் கப்பலேறியவர்கள் எல்லாரும் ‘மதராஸி’, கல்கத்தாவில் ஏறியவர்கள் எல்லாரும் ‘கல்கத்தியா’. திருச்சித் தமிழரும் விசாகப்பட்டினத்துத் தெலுங்கரும் ஒரே பெயரில் அடங்கினார்கள். ஊரில் யாரும் தன்னை மதராஸி என்று சொல்லிக்கொண்டதில்லை. கடல் தாண்டியதும் துறைமுகத்தின் பெயர் மனிதர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. நீங்கள் போடப் போகும் இன அட்டவணையின் சிக்கல் முழுக்க இதுதான்.

சரி, உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் பார்ப்போம். அவை குறைவு இல்லை. அந்தத் தரவுத்தளத்தில் 36,000க்கும் மேற்பட்ட பயணங்கள் இருக்கின்றன. மூன்றரை நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரையில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர், உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். இவை மதிப்பீடுகள்தான். ஆனாலும் கப்பல் கணக்கு, சுங்கக் கணக்கு, துறைமுகப் பத்திரிகை என்று பல பக்கத்திலிருந்து சரிபார்த்த மதிப்பீடுகள், அஸ்திவாரம் உறுதியானது. இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பகுதிக்கு நேராக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்குப் போனவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 4 லட்சத்தில் பாதிக்கும் மேல் கரோலினா, ஜார்ஜியா கரைகளில் இறங்கினார்கள். காலம் மாற மாறக் கரையும் மாறியது. 1730களில் சார்ல்ஸ்டனுக்கு வந்தவர்களில் பெரும் பங்கு காங்கோ–அங்கோலா பக்கம். 1750க்குப் பிறகு செனகல், காம்பியா ஆறுகளின் பக்கமான செனகாம்பியாவும் சியரா லியோனும் அதற்குத் தெற்கே உள்ள கரையும் மேலே வருகின்றன. 1804 முதல் 1807 வரை, சட்டம் தடுக்கும் முன் அள்ளிவிட வேண்டும் என்று நாலே வருடத்தில் சுமார் 40,000 பேரைக் கொண்டுவந்தார்கள். அதில் மறுபடி காங்கோ பக்கம் ஓங்குகிறது. ஆகவே கரை, காலம் என்ற அளவில் அட்டவணை போடலாம், தைரியமாகப் போடலாம்.

அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அந்தத் தரவுத்தளத்தில் ஆள் வாங்கிய இடத்துக்கு இரண்டு வகைப் பத்திகள் இருக்கின்றன. ஒன்று ஆவணத்தில் உள்ளபடி பதிந்தது. மற்றது ஆவணத்தில் இல்லாதபோது ஆய்வாளர்கள் கணித்து நிரப்பியது. எந்தெந்த அடிப்படையில் நிரப்பினோம் என்று அவர்களே விளக்கியிருக்கிறார்கள், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் என்னிடம் வந்த மாணவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். நீங்கள் தனித்தனியாக வையுங்கள். அப்புறம், பார்படோஸ் போன்ற கரீபியத் தீவுகளில் இறக்கி, அங்கிருந்து சிறு கப்பலில் சார்ல்ஸ்டனுக்கு மாற்றி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்த கப்பல்களை மட்டும் எண்ணினால் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

ஒரே ஒரு சிறுமியை எடுத்துக்கொண்டு ஆவணம் எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்று பாருங்கள். 1756இல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட் ஊர்க் கப்பல் ஒன்று, ஹேர் என்று பெயர், சியரா லியோனில் ஆள் ஏற்றிக்கொண்டு சார்ல்ஸ்டனுக்கு வந்தது. விற்றுக் கொடுத்தவர் ஹென்றி லாரன்ஸ், பின்னாளில் அமெரிக்கக் காங்கிரசின் தலைவராக இருந்த அதே ஆள். அந்த ஜூன் மாதக் கடைசியில் எலியாஸ் பால் என்ற நெல் தோட்டக்காரர் நாலு பையன்களையும் இரண்டு பெண் குழந்தைகளையும் வாங்கித் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதினார். சாஞ்சோ, பீட்டர், ப்ரூட்டஸ், ஹாரி, பெலிண்டா, பிரிசில்லா. எல்லாரும் ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில். வயது தன்னுடைய ஊகம் என்று அவரே குறித்துவைத்திருக்கிறார். கப்பல்காரர்களின் கடிதங்கள் நியூயார்க்கில் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, தோட்டக் கணக்குகள் தெற்கே இருக்கின்றன. இரண்டையும் பொருத்திப் பிரிசில்லாவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று இறங்கி வந்து, ஏழாம் தலைமுறைப் பெண்மணி ஒருவர் 2005இல் சியரா லியோனுக்கே போய் வந்தார். இப்படி அறுபடாத காகிதச் சங்கிலி ஆயிரத்தில் ஒன்றுகூடக் கிடைக்காது. அந்தச் சங்கிலியின் மறுமுனையில் என்ன இருக்கிறது? ஒரு கரையின் பெயர். அம்மா அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டாள், வீட்டில் பேசியது டெம்னேயா, மெண்டேயா, வேறு ஏதாவதா, எத்தனை நாள் நடந்து கரைக்கு வந்தாள், எதுவும் இல்லை. பிரிசில்லா என்பது எலியாஸ் பாலின் பேனாவில் பிறந்த பெயர்.

இப்போது வணிகர்கள் அடிமைகள் மேல் ஒட்டிய ‘நாட்டு’ப் பட்டங்களுக்கு வருகிறேன், உங்கள் அட்டவணை உடையப்போவது இங்கேதான். ஆங்கிலேய வணிகர் ‘அங்கோலா’ என்று எழுதினால் இன்றைய அங்கோலா நாட்டை நினைக்காதீர்கள். அவர்களுக்கு அது இன்றைய காபோனிலுள்ள லோபஸ் முனைக்குத் தெற்கே உள்ள நீண்ட கரை முழுவதும். ஆங்கிலக் கப்பல்கள் அதிகமாக ஆள் ஏற்றியது காங்கோ ஆற்றுக்கு வடக்கே, லுவாங்கோவிலும் கபிண்டாவிலும். ‘கொரமாண்டி’ என்பது இன்றைய கானா கரையிலுள்ள கொர்மாண்டின் என்ற ஒரு கோட்டையின் பெயரிலிருந்து வந்தது. ‘மினா’ என்ற பட்டத்துக்கு லூசியானாவில் ஒரு பொருள், பிரேசிலில் இன்னொன்று. அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். செனகல் ஆற்றுப் பக்கத்தில் ‘பம்பாரா’ என்றால் ஓர் இனத்தையும் குறிக்கும், உள்நாட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட யாரையும் குறிக்கும்.

இதற்கு மிக நல்ல சாட்சி ஒன்று உண்டு. கோல்லே என்ற ஜெர்மன் பாதிரியார், மொழி அறிஞரும்கூட, 1840களின் இறுதியில் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இருந்தார். அடிமைக் கப்பல்களைப் பிரிட்டிஷ் கடற்படை பிடித்து, உள்ளே இருந்தவர்களை விடுவித்துக் குடியேற்றிய ஊர் அது. அவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, ‘உன் மொழியில் இதற்கு என்ன சொல்’ என்று நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் சொற்களைச் சேகரித்தார், எப்படிப் பிடிபட்டாய் என்றும் கேட்டு எழுதினார். 1854இல் அது அச்சானது. அதில் இன்றைய நைஜீரியாப் பக்கத்து இக்போக்களைப் பற்றி அவர் எழுதியதைப் படித்த அன்று நான் வேறு வேலை பார்க்கவில்லை. இக்போ என்று எல்லாரும் அழைத்தவர்களிடம் அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டால், சியரா லியோனுக்கு வந்த பிறகுதான் அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டோம் என்றார்களாம். தங்களுக்குத் தெரிந்த பெயர்கள் அவரவர் வட்டாரத்தின் பெயர்கள்தான். நம் மதராஸிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

பட்டத்தை நம்பினால் வரலாறு எப்படித் திரும்பும் என்பதற்கு ஸ்டோனோ கலகம் நீங்கள் ஆராயும் பகுதியிலேயே நடந்த உதாரணம். 1739 செப்டம்பர் 9, சார்ல்ஸ்டனுக்குத் தென்மேற்கே சுமார் இருபது அடிமைகள் ஒரு கடையை உடைத்து ஆயுதம் எடுத்து, கொடி பிடித்து, முரசு கொட்டி, ஸ்பானியரின் ஃப்ளோரிடாவை நோக்கி நடந்தார்கள். அக்கால அறிக்கை ஒன்று அவர்களை அங்கோலாக்காரர்கள் என்கிறது, போர்ச்சுக்கீசியமும் கத்தோலிக்கமும் தெரிந்தவர்கள் என்றும் சொல்கிறது. ஜான் தார்ன்டன் என்ற வரலாற்றாசிரியர் இதைப் பிடித்துக்கொண்டார். கத்தோலிக்க மதம் வேரூன்றியிருந்த, உள்நாட்டுப் போரில் துப்பாக்கி பழகிய காங்கோ ராஜ்யத்து வீரர்களாகத்தான் இவர்கள் இருக்க வேண்டும் என்றார். எனக்கு இது மிகவும் ஏற்புடைய வாதம். ஆனாலும் வாதம்தான். கலகக்காரர் ஒருவரும் தன் ஊரைச் சொல்லி எழுதிவைத்த காகிதம் கிடையாது. ஆய்வேட்டில் ‘ஆவர்’ என்று எழுதாமல் ‘ஆகலாம்’ என்று எழுதுங்கள்.

நெல்லைப் பற்றி நீங்கள் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள்: நெல் விளைவிக்கத் தெரிந்தவர்களைப் பார்த்துப் பார்த்து வாங்கினார்களா? இதில் நம்மூர்க்காரர்களுக்கு இயல்பாகவே ஆர்வம் வரும். கரோலினாவில் அடிமைப் பெண்கள் மர உரலில் உலக்கையால் நெல் குத்திய படங்களையும், சுருள் சுருளாகப் பின்னிய தட்டையான கூடையில் புடைத்ததையும் பார்த்தால் நம் வீட்டு முறம்தான் ஞாபகம் வரும். அந்தப் பின்னல் இன்றும் சார்ல்ஸ்டன் சந்தையில் விற்கிறது. 1760இல் வந்த பிரபலமான ஒரு விற்பனை விளம்பரம் இருக்கிறது. கப்பலின் பெயர் பான்ஸ் ஐலண்ட், சியரா லியோன் ஆற்றிலுள்ள அடிமைக் கோட்டைத் தீவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ‘காற்றுமுகக் கரை, நெல் கரை’யிலிருந்து (சியரா லியோன் பக்கத்து மேற்கு ஆப்பிரிக்கக் கரையை வணிகர்கள் அப்படி அழைத்தார்கள்) வந்த சுமார் 250 பேர் விற்பனைக்கு என்கிறது. அன்று சார்ல்ஸ்டனில் பெரியம்மை. அதனால் நகரத்திலிருந்து ஒரு படகையும் கப்பலிடம் விடவில்லை என்றும், இவர்களில் பாதிப் பேருக்கு அவர்கள் நாட்டிலேயே அம்மை போட்டுப் போய்விட்டது என்றும் விளம்பரக்காரர்கள் உறுதி சொல்கிறார்கள். மாட்டுக்குப் பல் பார்த்துச் சொல்வது போல. ‘நெல் கரை’ என்ற சொல் விளம்பரத்தில் விலை பேசியது என்பது உறுதி.

ஆனால் அதிலிருந்து ‘நெல் தொழில்நுட்பத்துக்காகவே இந்த இனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று தாவுவதை 2007இல் எல்டிஸ், மார்கன், ரிச்சர்ட்சன் என்ற வரலாற்றாசிரியர்கள் மூவரும் கப்பல் கணக்கை வைத்துக் கடுமையாக மறுத்தார்கள். அவர்கள் வாதத்தில் எனக்குப் பலமாகப் படுவது காலக்கணக்கு. நெல் ஏற்றுமதி வளர்ந்து நின்ற 1730களில் வந்து இறங்கியவர்களில் பெரும்பான்மை நெல் கரையைச் சேர்ந்தவர்களே இல்லை, காங்கோ பக்கத்தவர்கள். மறுபக்கம், உப்பு ஏறும் சதுப்பில் வரப்புக் கட்டி நெல் விளைவிக்கும் அறிவு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் பல நூற்றாண்டாக இருந்தது என்பதையும் யாரும் மறுக்க முடியாது. அந்த அறிவோடு வந்தவர்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். என் கருத்து: அறிவு வந்தது உண்மை, அதற்காகவே ஆள் பொறுக்கினார்கள் என்பது நிரூபணமாகவில்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பாதீர்கள்.

பெயரை வைத்து இனம் சொல்வதில் நானே வகையாக மாட்டியிருக்கிறேன். ஒரு கருத்தரங்கில் ‘கஜோ’ என்ற பெயர் வந்தால் கானா பக்கத்து ஆகான் இனத்தவர் என்று அடித்துச் சொன்னேன். ஆகான் மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக வைப்பார்கள். திங்கட்கிழமைப் பையன் கோஜோ, வெள்ளிக்கிழமைப் பையன் கோஃபி. கேட்டுக்கொண்டிருந்த ஓர் ஆய்வு மாணவர் எழுந்து, ‘கஜோ லூயிஸ்?’ என்று ஒரே சொல்லில் கேட்டார். 1860இல், தடைச் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழித்து, க்ளோட்டில்டா கப்பலில் அலபாமாவுக்குத் திருட்டுத்தனமாகக் கொண்டுவரப்பட்டு 1935 வரை வாழ்ந்தவர் அவர். அவர் ஆகான் இல்லை. இன்றைய பெனின் நாட்டின் உள்பகுதியில் யொரூபா பேசும் ஊரில் பிறந்து, பக்கத்து தஹோமே ராஜ்யத்தின் படை சூறையாடியதில் பிடிபட்டு, விடா துறைமுகத்தில் விற்கப்பட்டவர். சொந்தப் பெயர் கொசோலா. கிழமைப் பெயர்கள் அண்டை மக்களுக்கும் பரவின, அமெரிக்காவில் எஜமானர்களே யாருக்கும் வைக்கும் பெயர்களாகவும் ஆகிவிட்டன. நான் உட்கார்ந்துவிட்டேன்.

பெயரில் நம்பிக்கை வைக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் அது சார்ல்ஸ்டன் இல்லை. ஃப்ரீடவுனிலும் ஹவானாவிலும் பிடிபட்ட கப்பல்களிலிருந்து விடுவிக்கப்பட்ட 91,000க்கும் மேற்பட்டவர்களின் ஆப்பிரிக்கப் பெயர், வயது, உயரம், உடல் அடையாளம் ஆகியவை பதிவேடுகளில் உள்ளன. குமாஸ்தா ஆங்கிலேயர் அல்லது ஸ்பானியர், காதில் விழுந்ததை எழுதினார். அந்தப் பெயர்களை அந்தந்த மொழிக்காரர்களைக்கொண்டு உரக்கப் படிக்கவைத்து, இது எங்கள் ஊர்ப் பெயர் என்று அடையாளம் காணும் முயற்சி நடந்திருக்கிறது. எனக்கு ஆப்பிரிக்க மொழி எதுவும் தெரியாது, அதனால் அந்தப் பெயர்களைப் பற்றி நானாக ஒன்றும் சொல்வதில்லை. அதெல்லாம் 19ஆம் நூற்றாண்டுக் கணக்கு என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1750இல் அதே துறைமுகத்துக்கு ஆள் வந்த வழி வேறாக இருந்திருக்கலாம்.

மொழித் தடயம் சில நேரம் ஆவணத்தைவிட ஆழம் போகும். 1930களின் தொடக்கத்தில் லொரென்ஸோ டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் ஜார்ஜியா கடலோரத்தில் அமீலியா டாலி என்ற பெண்மணி பாடிய ஐந்து வரிப் பாட்டைப் பதிவு செய்தார். பாடியவருக்கே பொருள் தெரியாது, அம்மா சொல்லிக்கொடுத்தது. அது மெண்டே மொழி என்று தெரிந்தது. பல பத்தாண்டு கழித்து ஆய்வாளர்கள் அந்தப் பதிவை சியரா லியோனில் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். செனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் ஒரு பெண் கூடவே பாட ஆரம்பித்தார். கல்லறையில் சடங்கு செய்யும்போது பெண்கள் பாடும் ஒப்பாரி வகைப் பாட்டு அது, பாட்டி சொல்லிக்கொடுத்தது என்றார். 1997இல் அமீலியாவின் மகள் அங்கே போய்ச் சேர்ந்தார். இதைச் சொல்லும்போது என் குரலே கொஞ்சம் மாறிவிடும். ஆனாலும் மாணவர்களிடம் கேட்பேன்: இது எதை நிரூபிக்கிறது? மெண்டே பேசிய ஒரு பெண்ணாவது அந்தக் கரைக்கு வந்து தன் மகளுக்குப் பாட்டைக் கொடுத்தாள் என்பதை. அந்தக் குடும்பத்தின் மற்ற கிளைகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பாட்டு சொல்லாது.

மரபணுச் சோதனை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்வழி மரபணு ஒரே ஒரு கோட்டைத்தான் காட்டும், அம்மாவின் அம்மாவின் அம்மா என்று. ஏழு தலைமுறை மேலே போனால் 128 மூதாதையர், அவர்களில் ஒருத்தியின் கதை மட்டும்தான் அது. 2006இல் வந்த ஓர் ஆய்வில், சோதித்த ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் தாய்வழி மரபணுவில் பாதிக்கும் மேல் பல ஆப்பிரிக்க இனங்களோடு ஒரே நேரத்தில் பொருந்தியது. ஒரே ஓர் இனத்தோடு மட்டும் துல்லியமாகப் பொருந்தியது பத்து சதவீதத்துக்கும் குறைவு. குடும்பங்களுக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம். உங்கள் ஆய்வேட்டுக்கு அடிக்குறிப்பு அளவு போதும்.

ஆக, தலைப்பை மாற்றுங்கள். ‘எந்த இனம்’ என்பதை விட்டு, ‘எந்தக் காலத்தில், எந்தக் கரைக்குப் பின்னாலிருந்த எந்தச் சண்டை இவர்களைத் துறைமுகத்துக்குத் தள்ளியது’ என்று கேளுங்கள். 1750 முதல் 1775 வரை, சியரா லியோன் கப்பல்கள் மட்டும் என்று குறுக்கிக்கொண்டால், 1720களில் தொடங்கிய, இன்றைய கினி நாட்டு மலைப்பகுதியான ஃபூட்டா ஜாலோனின் ஜிஹாதும் அதன் தொடர்ச்சியான போர்களும் பின்னணியில் வந்து உட்காரும். கப்பல் எண்ணிக்கையோடு சார்ல்ஸ்டன் பத்திரிகையில் வந்த தப்பியோடியவர் விளம்பரங்களையும் சேருங்கள். ‘காம்பியா நாட்டவன்’, கன்னத்தில் இன்ன கீறல், முன்பற்கள் அராவிக் கூராக்கியவை என்று எஜமானர்கள் எழுதியிருப்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கு நாட்டுப் பெயர் எழுத மாட்டார்கள், புதிதாக வந்தவர்களுக்குத்தான் எழுதுவார்கள். அதனால் அது முழுச் சமூகத்தின் படம் ஆகாது, அதையும் சொல்லிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அட்டவணையை நான்கு பத்தியாகப் போடுங்கள்: ஆவணம் சொன்ன இடம், கணித்து நிரப்பிய இடம், விற்றவன் ஒட்டிய பட்டம், அந்த ஆளே தன்னைப் பற்றிச் சொன்னது. முதல் வரியில் 1756ஆம் வருட ஹேர் கப்பலை வையுங்கள். முதல் பத்தியில் சியரா லியோன் என்று எழுதலாம். நான்காவது பத்தி காலியாக இருக்கும். வழிகாட்டியிடம் போகும்போது அந்தக் காலியிடத்தோடேயே கொண்டுபோய்க் காட்டுங்கள்.